முதலில் பறந்தது

“மிச்சம் என்ன மேடம்?” என்று வைத்திலிங்கம் கேட்டார்.

அவர் கையில் விரல் நீளத்தில் ஒரு புட்டி. உள்ளே மிளகு அளவில் தங்க மணிகள். புட்டியின் மேல், தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு புள்ளி வைத்து மூன்று ஒன்பதுகள் அச்சிட்டிருந்தார்கள். அந்தக் கூடத்தில் அதை ‘ஐந்து ஒன்பது’ என்பார்கள். அதைவிடச் சுத்தமான தங்கம் அங்கே வந்ததில்லை.

நூறு என்று போட வேண்டியதுதானே என்பது அவர் கேள்வி. ஏன் அங்கேயே நின்றுவிட்டார்கள்? மிச்சமுள்ள அந்தத் துளியில் இருப்பது எது?

ஜெய்த்தூன் அலமாரியிலிருந்து ஒரு வட்டத் தட்டை எடுத்து அவர் முன் வைத்தார். எஃகுத் தட்டு. ஒரு பக்கம் பளபளப்பு. மறுபக்கம் அடிப்பிடித்த பாத்திரம் போலக் கறுப்பு.

“தேய்ச்சுக் கொண்டாங்க சார்,” என்றார்.

வைத்திலிங்கத்துக்கு வயது ஐம்பத்தேழு. ஜெய்த்தூனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பாத்திரம் தேய்க்கவா மலை ஏறி வந்தோம் என்று வைத்திலிங்கம் நினைத்தார்.

தேய்த்தார்.

*

மலை மேல், மரங்களுக்கு நடுவே, ஜன்னல் இல்லாத நீளமான கட்டடம். அங்கே கண்ணாடிகளுக்கு உலோகம் பூசினார்கள். தொலைநோக்கிக் கண்ணாடிகள், செயற்கைக்கோள் கண்ணாடிகள்.

கலம் என்று ஒரு பெரிய எஃகுப் பானை. அதன் அடியில் சின்னதாக ஒரு கிண்ணம். அதற்கு மூசை என்று பெயர். மூசையில் உலோகத்தைப் போடுவார்கள். மேலே கண்ணாடியைக் கவிழ்த்துக் கட்டுவார்கள். கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூசையைச் சூடேற்றினால் உலோகம் உருகும். பிறகு ஆவியாகப் பறந்து கண்ணாடியில் ஒட்டும். தலைமுடி ஒன்றைப் பல நூறாகப் பிளந்தால் என்ன கனமோ, அவ்வளவுதான் அந்தப் படலம்.

ஜெய்த்தூன் கூடத்தின் தலைவர். அதிகம் பேச மாட்டார். பம்புகளைப் பார்த்துக்கொண்ட எட்வின் அவருக்கும் சேர்த்துப் பேசினான்.

வைத்திலிங்கம் அதற்கு முன் ஓசூரில் ஒரு முலாம் பட்டறையில் மேற்பார்வையாளர். கடிகாரப் பட்டை, பொத்தான், வளையல். பித்தளையைத் தங்கமாகக் காட்டுவது தொழில். மனைவி செண்பகவல்லி இறந்த பிறகு அந்தத் தொட்டிகளின் பக்கம் போக அவருக்கு மனம் வரவில்லை. பொய்யில்லாத தங்கம் பூசுகிற இடம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, விசாரித்துக்கொண்டு வந்தார். எந்த வேலையானாலும் செய்கிறேன், கற்றுக்கொடுங்கள் என்றார்.

“என்ன கத்துக்கணும்?” என்று ஜெய்த்தூன் கேட்டார்.

“சுத்தம்.”

எட்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கு எங்க அம்மாகிட்ட போயிருக்கலாமே அண்ணாச்சி. செருப்போட அடுப்படிக்குள்ள ஒரு எட்டு வைங்க. ஒரே நாள்ல கத்துத் தந்துரும்.”

ஜெய்த்தூன் சிரிக்கவில்லை. வைத்திலிங்கத்திடம் ஒரு ஜோடிக் கையுறையைக் கொடுத்தார்.

*

வெறும் கையால் எதையும் தொடக் கூடாது. அது முதல் விதி.

துத்தநாகமும் காட்மியமும் கூடத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் சூடு பட்டாலே போதும், ஆவியாகிக் கலம் முழுக்கப் பரவி இண்டு இடுக்கெல்லாம் ஒளிந்துகொள்ளும். அதற்குப் பிறகு கலத்தில் வைக்கிற எந்தக் கண்ணாடியையும் நம்ப முடியாது. ஒரு திருகாணி போதும்.

இதில் வைத்திலிங்கம் கெட்டிக்காரர். பட்டறையில் திருகாணிகளுக்குக் காட்மியமும் பூசிய கை அது. எட்ட நின்றே பார்த்து, இது ஆகாது என்று திருகாணியைப் பொறுக்கி வெளியே போட்டுவிடுவார்.

ஒரு மூசைக்கு ஒரு உலோகம்தான் என்பது இன்னொரு விதி. வெள்ளி உருகிய மூசையில் தங்கம் கூடாது. நன்றாகக் கழுவிவிட்டுப் போட்டால் என்ன என்று வைத்திலிங்கம் கேட்டார்.

கிறிஸ்துமஸ் வந்தது. எட்வின் பாயசம் கொண்டுவந்தான். ஜெய்த்தூன் அவனுடைய டிபன் பாக்ஸை வாங்கி, அதில் பாயசத்தை ஊற்றி வைத்திலிங்கத்திடம் நீட்டினார். அந்த டப்பாவில் வருடக்கணக்கில் கருவாடு வந்துகொண்டிருந்தது.

“கழுவினதுதான்,” என்றார்.

வைத்திலிங்கம் ஒரு வாய் குடித்தார். மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எட்வின்தான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

*

செண்பகவல்லியின் முதல் திதியன்று வைத்திலிங்கம் வேலைக்கு வந்தார். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்தார். வேலை முடிந்ததும் மூசையின் சூட்டை ஒரேயடியாக நிறுத்திவிட்டுப் போனார்.

காலையில் மூசை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

ஜெய்த்தூன் ஒரு பாதியை வைத்திலிங்கத்தின் மேசையில் வைத்தார்.

“சூடேத்த எல்லாருக்கும் தெரியும் சார். ஆற வைக்கிறதுதான் வேலை.”

“எவ்வளவு நேரம் ஆற வைக்கணும்?”

“அது மூசையைப் பொறுத்தது.”

வைத்திலிங்கம் அந்தப் பாதியை வீட்டுக்கு எடுத்துப் போனார். வீடு என்பது கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு கட்டில். ஒரு தீப்பெட்டி.

*

கடைசியாகக் கற்றது ஷட்டர்.

மூசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தட்டு நிற்கும். வெளியே உள்ள கைப்பிடியைத் திருப்பினால் ஒதுங்கி வழிவிடும். முதல் நாள் அவர் தேய்த்தது அதைத்தான்.

ஐந்து ஒன்பதாகவே இருந்தாலும், சூடேறும்போது முதலில் பறப்பது தங்கம் இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற மற்றதெல்லாம் முதலில் பறக்கும். அது ஷட்டரில் படியும். அப்போது அழுத்தமானியின் முள் துள்ளும். எல்லாம் போய்த் தீர்ந்ததும் முள் இறங்கும். அதற்குப் பிறகுதான் ஷட்டரைத் திறக்க வேண்டும்.

வைத்திலிங்கத்துக்குப் பொறுக்காது. முள் பாதி இறங்கும்போதே திறந்துவிடுவார். படலம் மங்கலாக வரும். ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தால் தோல் உரிவது போல உரிந்து வரும். ஜெய்த்தூன் கண்ணாடியைத் திரும்பக் கழுவ அனுப்புவார். வைத்திலிங்கம் கழுவுவார். பூசுவார். உரியும்.

என்னால் ஆகாது என்று ஒரு நாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை நேரம்தான் காத்திருப்பது என்று கேட்டார்.

“உங்க கை தானா நிக்கிற வரைக்கும்,” என்றார் ஜெய்த்தூன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கை நின்றது. முள் முழுக்க இறங்காமல் அது கைப்பிடியைத் தொடாது. எட்வின் பக்கத்தில் வந்து, “திறங்க அண்ணாச்சி, டீ ஆறுது,” என்று சீண்டிப் பார்ப்பான். தொடாது.

*

செயற்கைக்கோள் ஒன்றுக்கான கண்ணாடி வந்தது.

வானத்தின் வெப்பத்தைப் பார்க்கிற கருவியாம். அதற்குத் தங்கம்தான் தோது. அந்தக் கண்ணாடியைத் தேய்த்து வழவழப்பாக்கியவர்கள் வருடக்கணக்கில் உழைத்திருந்தார்கள். ஏறும் தேதி குறித்தாகிவிட்டது. ஏறினால் திரும்பாது.

பூசும் பொறுப்பை ஜெய்த்தூன் வைத்திலிங்கத்திடம் கொடுத்தார்.

அன்று அறைக்குப் போனதும் அவர் தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு தாலிக் குண்டு.

செண்பகவல்லியைத் தூக்கும் முன் பெண்கள் தாலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்திருந்தார்கள். கோயில் உண்டியலில் போட்டுவிடச் சொன்னார்கள். திருச்செந்தூரில் போட்டார். ஒரு குண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. அவளுடையது என்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

செண்பகவல்லிக்கு ஒரு கவலை இருந்தது. நோயைப் பற்றி அல்ல. தினமும் மஞ்சள் பூசிக் குளித்துக் குளித்துத் தாலி தேய்ந்துகொண்டே போகிறதே என்பது.

“ஊருக்கெல்லாம் தங்கம் பூசுறீக. இது தேயாம இருக்க ஒரு வழி சொல்லத் தெரியல,” என்பாள்.

அப்போது அவரிடம் வழி இல்லை. இப்போது இருந்தது. மேலே காற்று கிடையாது. தண்ணீர் கிடையாது. அங்கே போய்விட்டால் எதுவும் தேயாது.

மறுநாள் ஜெய்த்தூனிடம் சுற்றி வளைத்துக் கேட்டார்.

“தங்கத்துக்கு, தான் யாரோடதுன்னு தெரியுமா மேடம்?”

ஜெய்த்தூன் நிமிர்ந்து பார்த்தார்.

“உருகுற வரைக்கும் தெரியும்,” என்றார்.

உருகிய பிறகு யாருக்கும் தெரியாது என்று வைத்திலிங்கம் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டார். தைரியம் வந்தது.

*

கவனமாகத்தான் செய்தார்.

உள்ளே காற்று அடைபட்ட எதுவும் வெற்றிடத்தில் வெடித்துச் சிதறும். ஆகவே குண்டைத் தட்டித் தகடாக்கினார். ஐந்து ஒன்பது மணிகளுக்கு நடுவே மூசையில் வைத்தார். எட்வின் பம்பு அறையில் இருந்தான். யாரும் பார்க்கவில்லை.

தகட்டைக் கழுவவில்லை. ஒரு திருகாணியைக்கூட மூன்று திரவங்களில் கழுவி உள்ளே வைக்கிறவர், அதை மட்டும் கழுவவில்லை. குண்டின் இரண்டு பாதிகளைப் பொருத்திய இடுக்கில் மஞ்சள் இருந்தது.

கலத்தை மூடினார். சூடு ஏறியது. முள் துள்ளியது.

அது அவ்வளவு உயரம் போய் அவர் பார்த்ததில்லை. போனது இறங்கவும் இல்லை. எட்வின் வந்து பம்பைத் தட்டிப் பார்த்தான். இன்றைக்கு இதற்கு என்ன கேடு என்று திட்டினான். டீ கொண்டுவந்து வைத்தான்.

வைத்திலிங்கம் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கை கைப்பிடியைத் தொடவில்லை. டீயில் ஆடை படிந்தது.

கடைசியில் முள் இறங்கியது. பாதி இறங்கியது. முழுக்க இறங்கியது. இறங்கிய இடத்தில் நின்றது.

ஷட்டரைத் திறந்தார்.

கண்ணாடியை வெளியே எடுத்தபோது கூடத்துச் சுவர்களில் பொன்னிற வெளிச்சம் விழுந்தது. எட்வின் குனிந்து தன் முகத்தைப் பார்த்தான். நம்ம வீட்டுக் கண்ணாடி இத்தனை வருஷமா நம்மைப் பத்திப் பொய் சொல்லியிருக்கு அண்ணாச்சி என்றான்.

வைத்திலிங்கம் சிரித்தார். மலைக்கு வந்த பிறகு அவர் சிரித்து எட்வின் பார்த்ததில்லை.

*

கலத்துக்குள் மிச்சமிருக்கும் காற்றில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்று அங்கே உண்டு. எட்வின் அதை மோப்ப நாய் என்பான்.

கண்ணாடியைப் பெட்டியில் அடைப்பதற்கு முன், அடுத்த வேலைக்காகக் கலத்தைச் சூடேற்றினார்கள். நாய் குரைத்தது.

காட்மியம்.

எட்வின் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. ஜெய்த்தூன் நாற்காலியில் உட்கார்ந்து வைத்திலிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு குண்டு போட்டேன்,” என்றார் வைத்திலிங்கம். “அவ தாலியில இருந்தது.”

“கடையில வாங்கின நகையா?”

“ஆமா மேடம். நல்ல கடை. வாசல்லயே பெரிசா எழுதிப் போட்டிருந்தான், கேடிஎம்னு. அப்ப அதுதான் சுத்தம்னு...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கேடிஎம் என்றால் காட்மியம் கலந்து பற்றவைத்த நகை. பாதி வாழ்க்கை காட்மியத் தொட்டியில் கைவிட்டவருக்கு அது தெரியாதது அல்ல. நகைக்கடை வாசலில் அந்த மூன்று எழுத்தைப் படித்தபோது அவர் முலாம்காரராக நிற்கவில்லை. புது மனைவியைக் கூட்டிக்கொண்டு நின்றார். அன்று படித்தபடியே அது மனதில் தங்கிவிட்டது.

எட்வின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜெய்த்தூன் போனை எடுத்தார். கண்ணாடிக்கு உரியவர்களிடம், என் கூடத்தில் தவறு நடந்துவிட்டது, இதை மேலே அனுப்பாதீர்கள் என்றார். செய்தது யார் என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

“என் கூடம்,” என்று மறுபடி சொன்னார்.

*

கண்ணாடிக்கு உரியவர்கள் வந்து அதை எடுத்துப் போனார்கள். வேறு ஊரில் மாற்றாக வைத்திருந்த கண்ணாடி அதன் இடத்தில் ஏறியது. இதன் மேலிருந்த தங்கத்தை அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டதாகப் பிறகு தகவல் வந்தது.

கலத்தைக் கழுவினார்கள். மூன்று பேரும் முகமூடி போட்டுக்கொண்டு உள்சுவரைத் தேய்த்தார்கள். சூடேற்றினார்கள். நாய் குரைத்தது. மறுபடி தேய்த்தார்கள். மறுபடி குரைத்தது. இது இனி சும்மா இருக்காது என்று எட்வின் சொன்னான். ஷட்டர் தட்டை மட்டும் காணோம் என்றும் சொன்னான். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

இந்தக் கூடத்துக்கு இனி வேலை இல்லை என்று யாரும் அறிவிக்கவில்லை. வேலை வரவில்லை, அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை பம்புகளை நிறுத்தினார்கள். வருடக்கணக்கில் அந்த இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய எட்வின், பிறகும் கொஞ்ச நாள் கத்தியே பேசினான். அப்புறம் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

என்னை அனுப்பிவிடுங்கள் என்று வைத்திலிங்கம் கேட்டார். ஜெய்த்தூன் அனுப்பவில்லை. நாலு வார்த்தை திட்டியாவது விடுங்கள் என்றார். திட்டவில்லை.

வைத்திலிங்கம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கத் தொடங்கினார். அறையில் காலித் தீப்பெட்டி இருந்தது. அவளை மேலே அனுப்பவும் இல்லை. கீழே வைத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு அவருக்குச் சாட்சி நினைவுக்கு வந்தது.

பெரிய கண்ணாடி கலத்துக்குள் போகும்போது பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டையும் வைப்பார்கள். பெரியதில் படிவதே அதிலும் படியும். சோதனைகளை அதன் மேல் செய்வார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். அது ஜெய்த்தூனிடம் இருந்தது.

அவர் ஜெய்த்தூனின் மேசைக்கு முன் போய் நின்றார்.

“சாட்சியக் குடுத்துருங்க மேடம். நான் போயிடறேன்.”

“அது எதுக்கு?”

“அவ இருக்கா அதுல.”

ஜெய்த்தூன் எழுந்து கையுறை மாட்டிக்கொண்டார். அவரையும் மாட்டிக்கொள்ளச் சொன்னார். அலமாரியைத் திறந்து இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தார். ஒன்று சாட்சி. மற்றது துணியில் சுற்றியிருந்தது.

சாட்சியை அவர் உள்ளங்கையில் வைத்தார். எங்கும் ஒரு குறை இல்லாத பொன்.

“அனுப்பிச் சோதிச்சுட்டேன்,” என்றார் ஜெய்த்தூன். “காட்மியம் இல்லை. மஞ்சள், கரி எதுவும் இல்லை. துளி வெள்ளி, துளி செம்பு. அது எந்தக் கடை நகையிலயும் இருக்கும். மத்தது தங்கம். அதுல எது நாம வாங்கினது, எது உங்களோடதுன்னு எந்தக் கருவியாலயும் சொல்ல முடியாது.”

வைத்திலிங்கம் சாட்சியைக் கண்ணருகே கொண்டுபோனார். அவர் முகம் தெரிந்தது. வேறு யாரும் தெரியவில்லை.

“அப்ப அவ?”

ஜெய்த்தூன் துணியைப் பிரித்தார். ஷட்டர் தட்டு. அதைத் திருப்பி வைத்தார்.

நடுவில், மூசைக்கு நேராக இருந்த இடத்தில், பழுப்பாக ஒரு வட்டம். ஓரத்தில் மங்கலாக ஒரு மஞ்சள்.

“முள் இறங்க ரொம்ப நேரம் ஆச்சுன்னு எட்வின் சொன்னான்.”

“ஆமா.”

“நீங்க திறக்கல.”

வைத்திலிங்கம் தட்டின் மேல் குனிந்தார்.

“நல்லாக் கத்துக்கிட்டீங்க,” என்றார் ஜெய்த்தூன். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது.

வைத்திலிங்கம் சாட்சியை மேசையில் வைத்தார். தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வலது கையுறையின் விரல் நுனியைப் பிடித்து இழுத்தார்.

ஜெய்த்தூன் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கழட்டாதீங்கண்ணே. அது விஷம்.”